ழகரம் இருக்கவேண்டிய இடத்தில்

“செத்துட்டுன்னு நீதானே சொன்ன மது?”

“கேன்சர் செல்லுதான் அத்தே செத்துச்சு. தட்டுல வளர்த்த செல்லு. மனுஷனுக்கு அந்த மருந்தை இன்னும் யாரும் குடுக்கல.”

“அப்போ மொதல்ல எங்க வீட்டு மனுஷனுக்குக் குடு.”

நான் வேலை செய்யும் ஆராய்ச்சிக்கூடத்தின் கேட்டுக்கு வெளியே, வலுவற்ற டிசம்பர் வெயிலில், அம்சவேணி அத்தை நின்றிருந்தாள். டெல்லி கிட்வாய் நகரில் எங்கள் எதிர்வீடு. அவள் கணவர் நல்லசிவம் மாமாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முந்தாநாள் ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள்.

தவறு என்னுடையது. தீபாவளியன்று மாமாவின் கட்டிலருகே உட்கார்ந்து என் வேலையைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். டெல்லியில் பிறந்த என் தமிழில் காம்பவுண்டுக்குச் ‘சேர்மம்’ என்ற சொல் இல்லை. ‘மருந்து’ என்றேன். கூடத்தில் அதற்குப் பெயர்கூடக் கிடையாது. நாற்பத்தேழு என்ற எண்தான்.

“செல்லு ரெண்டாகும்போது, நாலே எழுத்துல தன்னை நகலெடுக்கும் மாமா. அதுல ஒரு எழுத்தைக் கொஞ்சம் மாத்திச் செஞ்சு நீட்டுவோம். பழம்னு எழுதற எடத்துல பளம்னு எழுதவைக்கிற மாதிரி. கேன்சர் செல்லுக்கு அவசரம், கவனிக்காது. அதை எழுதிட்டு, மேல எழுத முடியாம செத்துப்போகும்.”

மாமா சிரித்தார். “அப்போ திருநெல்வேலிக்காரன் பூராவும்லா செத்திருக்கணும்! எங்களுக்கு எல்லாமே பளந்தான்.”

அன்றைக்கு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனமில்லாமல், மறுவாரம் வந்த சோதனை முடிவை நான் அவர்களிடம் சொல்லவே இல்லை.

இப்போது சொன்னேன்.

“அத்தே, நல்ல செல்லும் செத்துருச்சு. பக்கத்துத் தட்டுல இருந்தது. அதுக்கும் அந்தப் பிழை தெரியல. நாப்பத்தேழு விஷம் அத்தே. அதைத் தள்ளி வச்சுட்டோம்.”

அவளைத் தாண்டி பஸ்கள் போயின.

“நல்லதுன்னு எதுட்டி மிச்சமிருக்கு அவருட்ட?” என்றாள். “வெறுந்தண்ணி எறங்கல. ராத்திரி பூரா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, மது புள்ள மருந்து எப்போ வரும்னு கேக்காரு.”

கூடத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், என் கையெழுத்து ஒட்டிய குப்பியில், நாற்பத்தேழு இன்னும் இருந்தது. பொடித்த சர்க்கரை போல வெள்ளை வெளேரென்று. யாரும் அதைத் தேடப்போவதில்லை. அத்தைக்கு இது தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது.

அத்தை பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் சம்படத்தை எடுத்தாள். மாமா ஆபீசுக்கு ஊறுகாய் கொண்டுபோவது. புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று இருந்தது. மூடியைத் திறந்து, ஈரம் இருக்கக் கூடாதென்று முந்தானையால் உள்ளே இன்னொரு தடவை துடைத்தாள். பிறகு அதை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

“தப்பான எழுத்தாவே இருந்துட்டுப் போட்டும் மது. ஒரு சிட்டிகை. போட்டுட்டு வா, நா இங்கனயே நிக்கேன்.”