மறுப்பு முதலில் வந்தது

"பேஜோட பாஸ்வேர்டைக் குடுங்க சார்."

சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள்: லீவு கேள், சம்பளம்கூடக் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே. ரேணுகாதேவி கேட்டுவிட்டாள்.

பத்திரிகையின் ஃபேஸ்புக் பக்கம் ஆசிரியர் பத்மநாபனின் பீரோவுக்குள் இருந்தது. ஆறு வருஷமாகத் தினம் ஒரு ரோஜாப்பூவும் காலை வணக்கமும் மட்டுமே அதிலிருந்து வெளியே போகும். பிறகு பூட்டிவிடுவார்.

"எதுக்கும்மா?"

"பதினேழாவது வார்டுல தண்ணி கறுப்பா வருது. நாலு மணிக்கு மறுபடி திறந்துவிடுவாங்க. நம்ம பேப்பர் நாளைக்குத்தான் வரும். அதுக்குள்ள குடிச்சிருவாங்க சார்."

"நகராட்சியோட மறுப்பு வந்துடுச்சா?"

வந்திருந்தது. அந்த அலுவலகத்தில் மறுப்புதான் முதலில் வரும், செய்தி அப்புறம்தான். மறுப்பு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சோபாவில் டீ குடித்துக்கொண்டிருந்தது.

"தண்ணி சுத்தமா இருக்கு" என்றது.

"எந்தத் தெருவுல பாத்தீங்க?"

"எல்லாத் தெருவுலயும்."

"ஒரு தெரு பேரைச் சொல்லுங்க."

மறுப்பு டீயை ஊதியது.

உங்கள் குழாயில் தண்ணீர் என்ன நிறம் என்று காலையில் அவள் தன் கணக்கில் கேட்டிருந்தாள். நாற்பது பதில்கள். ஃபோனில் இடம் போதாமல் அவை மாடிப்படியில் வரிசையாக நின்றன. போன வருஷத்துப் படங்களோடு வந்த மூன்றைத் திருப்பி அனுப்பியிருந்தாள். மிச்சத்தை மூன்று மணிக்கு முன்பே ஒவ்வொன்றாக விசாரித்திருந்தாள்.

ஒரு படத்தில் ஜெபமணி என்ற பெண் குடத்தோடு நின்றிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் நகருங்க. பின்னால பலகை தெரியல."

படத்திலிருந்தவள் நகர்ந்தாள். "தெரியுதா? நாலாம் குறுக்குத் தெரு. தேதி வேணுமா? இந்தா, இன்னைக்குப் பேப்பர். உங்க பேப்பர்தான். 'குடிநீர் சிறப்பு'ன்னு போட்டிருக்கீங்க. நல்லாருங்க."

"உங்க பேரைப் போடலாமாக்கா?"

"கொட்டை எழுத்துல போடு."

பத்மநாபன் இப்போதும் அதையெல்லாம் பார்க்காமல் கேட்டார். "உங்க வீட்ல இதுக்கு முன்னால யாராவது பத்திரிகைல இருந்திருக்காங்களாம்மா?"

"பத்திரிகைல மடிச்ச சுண்டலைத் தின்னுருக்கோம் சார்."

பீரோ இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டது.

"பரவால்ல சார். மூணு மணிக்கே என் பேர்ல போட்டுட்டேன். தெரு, தேதி, ஆள் பேர், நகராட்சி மறுப்பு, எல்லாம் இருக்கு."

"அப்புறம் எதுக்குக் கேட்ட?"

"நம்ம பேப்பர் போட்டா இன்னும் பத்தாயிரம் பேர் பாப்பாங்க. அதுக்குத்தான்."

ஃபோனுக்குள்ளிருந்து ஜெபமணி கத்தினாள். "ஏ பொண்ணு, எங்க தெருவே குடத்தைக் கவுத்து வெச்சிருச்சு! மேலத் தெருவுலதான் யார்கிட்டயும் ஃபோன் இல்ல."

மணி மூன்றே முக்கால். ரேணுகாதேவி தன் அடையாள அட்டையைக் கழற்றி மறுப்பின் கழுத்தில் மாட்டினாள். அது நன்றி சொன்னது.

அனுமதி இல்லாமல் கிளம்பினால் அலுவலகத்துத் தாழ்வாரம் நீளும். நீண்டது. ரேணுகாதேவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மேலத் தெருவில் முதலில் எந்தக் கதவைத் தட்டுவது என்று ஜெபமணியிடம் கேட்டபடியே வெளியே நடந்தாள்.