திருத்தாத படம்

முகம் கழுவி நிமிர்ந்தபோது கண்ணாடியில் என் இடது கண் வலதைவிடச் சின்னதாகத் தெரிந்தது. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அப்படியே இருந்தது.

"பல பேருக்கு ரெண்டு கண்ணும் ஒரே அளவா இருக்காதும்மா. ஆனா இமை புதுசா இறங்கியிருந்தா நரம்பையும் பார்க்கணும். பழைய போட்டோ இருந்தா கொண்டு வாங்க" என்றார் கண் டாக்டர்.

போட்டோவுக்கா பஞ்சம்? என் கணவர் ஸ்டூடியோக்காரர். வீட்டுச் சுவரெல்லாம் நான்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் இரண்டு கண்ணும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவு. அப்படியானால் இது புதிதாக வந்ததுதான்.

ஸ்டூடியோவுக்கு ஓடினேன். கம்ப்யூட்டரில் யாரோ ஒரு மாப்பிள்ளையின் மூக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கை அப்படியே நின்றது.

"அந்தப் படங்களை நம்பாத. எல்லாத்துலயும் இடது கண்ண நான்தான் கொஞ்சம் பெருசாக்கியிருக்கேன்."

"எப்பலேர்ந்து?"

"கல்யாண ஆல்பத்துலேர்ந்து."

"அடப்பாவி மனுஷா! என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"ஊருக்கே பண்றேன். பொண்டாட்டிக்குப் பண்ணக் கூடாதா?"

நிம்மதியாக ஸ்டூலில் உட்கார்ந்தேன். பின்னாலேயே கோபமும் வந்தது. எனக்கே தெரியாத என் முகத்தை இவர் இத்தனை வருடம் தெரிந்து வைத்திருக்கிறார். என்னிடமிருந்தே மறைத்தும் இருக்கிறார். எதற்காக அழுகை வருகிறதென்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அவர் பழைய டிஸ்க்கைத் தேடி எடுத்துச் செருகினார். கல்யாணத்தன்று எடுத்த படம், கை வைக்காதது. யாரையோ பார்த்துச் சிரிக்கிறேன். இடது கண் பாதி மூடியதுபோல் இருக்கிறது.

"இத ஏன் அழிக்கல?"

"அழிக்க மனசு வரல" என்றார், திரையைப் பார்த்தபடியே.

நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு டாக்டர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இமையை அளந்தார், டார்ச் அடித்தார், மேலும் கீழும் பார்க்கச் சொன்னார்.

"அன்னிக்கும் இதே அளவுதான். கண்மணி ரெண்டும் சமமா இருக்கு, இமையும் நல்லா ஏறுது. உங்க கண்ணோட அமைப்பே இதுதாம்மா. வியாதி இல்ல."

"மருந்து ஏதாவது?" என்றார் என் கணவர்.

"அவங்களுக்கு எதுவும் வேணாம். நீங்கதான் கைய அடக்கி வைக்கணும்."

வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "சுவத்துப் படத்தையெல்லாம் மாத்திடவா?"

"மாத்துங்க. கண்ணு இருக்கிறபடியே இருக்கட்டும்" என்றேன். "அந்தக் கல்யாணப் படத்துல மூக்கு மேல ஒரு பரு இருக்கு பாருங்க, அத மட்டும் எடுத்துடுங்க."