ஆயிரத்து நூற்று எண்பது அடி

எங்கள் குடும்பத்தில் முதல் இன்ஸ்டலேஷனை, ஒரு இடத்தையே கலைப்படைப்பாக அமைத்துக் காட்டும் வேலையை, செய்தது நானில்லை, என் அப்பா ஆறுச்சாமி. அதற்குக் கேலரி கிடையாது, அழைப்பிதழ் கிடையாது, சுவரில் ஒட்டிய விளக்கக் குறிப்பும் கிடையாது. பார்வையாளர்கள் மட்டும் இருந்தார்கள். கோபிசெட்டிபாளையத்திலிருந்து இரண்டு காரில் வந்திருந்தார்கள்.

என் தம்பி மிதுனுக்குப் பெண் பேசியிருந்தோம். பெண் பெயர் கனிஷ்கா, பீளமேட்டில் ஐ.டி. வேலை. அவள் அப்பா அழகிரிசாமிக்குக் கோபியில் வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் வாழையும். வாய்க்காலில் தண்ணீர் வரும், இவர் மடையைத் திறப்பார், அவ்வளவுதான் அவருடைய விவசாயக் கவலை. நாங்கள் அன்னூர்ப் பக்கம். ஆறு போர்வெல் போட்டு ஆறும் காய்ந்த தோட்டம் எங்களுடையது. பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையின் வீட்டையும் காட்டையும், அதாவது விளைநிலத்தையும், வந்து பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டைப் பத்து நிமிடம் பார்ப்பார்கள், காட்டை ஒரு மணி நேரம் பார்ப்பார்கள்.

அன்றைக்கு விடிந்ததும் மூன்று லாரித் தண்ணீர் வந்து தரைத்தொட்டியை நிரப்பிவிட்டுப் போனது. மிதுன் தொட்டிக்குள் ஒரு மோட்டாரை இறக்கி, அங்கிருந்து ஆறாவது போரின் குழாய் வரைக்கும் ஹோஸ் இழுத்து, மேலே தென்னை ஓலையைப் பரப்பினான். என்ஜினியரிங் படித்தவன், இணைப்பு ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அழகிரிசாமி வந்து நின்றதும் அப்பா ஸ்விட்சைப் போட்டார். குழாயில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. அழகிரிசாமி இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல தண்ணிங்க, உப்பே இல்லீங்க" என்றார். உப்பு எங்கிருந்து இருக்கும்? மேட்டுப்பாளையத்தில் பிடித்த ஆற்றுத் தண்ணீர் அது. விட்டிருந்தால் பவானியோடு போய் அவர் வயலுக்கே பாய்ந்திருக்கும்.

நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. ஐந்து வருடமாகப் ப்ரொஜக்டரும் ஒயருமாகக் கிடக்கிறேன், இவ்வளவு கச்சிதமான ஒரு வேலையை நான் செய்ததில்லை. ஆனால் அவர்கள் கிளம்பிப் போன பிறகு அப்பா யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் இலையைப் பார்த்தபடியே எழுந்து போனார். எனக்கு மனசு ஆறவேயில்லை.

என்னிடம் ஒரு பென்டிரைவ் இருந்தது. அந்த ஆறாவது போர் சித்திரையில் நின்றுபோனபோது அப்பா கேமராக்காரரை வரவழைத்திருந்தார். நீள ஒயரின் நுனியில் ஒரு சின்னக் கேமராவைக் கட்டிக் குழிக்குள் இறக்குவார்கள். எங்காவது ஊற்று கசிகிறதா என்று மேலே திரையில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். திரையின் மூலையில் எத்தனை அடி என்று எண் ஓடும், மேலே தோட்டக்காரரின் பெயர் நிற்கும். பெயரைப் பிழையில்லாமல் போடச் சொல்லி அப்பாவே பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். யாராவது வந்து பார்த்தால் இன்னார் தோட்டம் என்று தெரிய வேண்டாமா என்று அவருக்கு. தண்ணீர் இருக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை. கேமராவுக்குக் காது கிடையாது, அதனால் சத்தத்தை என் கைபேசியில் நான் பதிந்துகொண்டேன். ஒயர் சுற்றும் ஓசை. நடுநடுவே அப்பாவின் குரல், "தெரியுதுங்களா?" கேமராக்காரரின் பதில், "இன்னும் இல்லீங்க."

கார்த்திகையில் எனக்கு ஒரு கண்காட்சி அமைந்தது. பீளமேட்டில் மூடிப்போன மில் ஒன்றின் பஞ்சுக் குடோனைக் கேலரியாக மாற்றி நடத்துகிறாள் ரம்ஷா. கோட்டைமேட்டுக்காரி, கல்லூரியில் என்னோடு படித்தவள். குடோனின் நடுவில் இடுப்பு உயரத்துக்கு வட்டமான சிமெண்ட் கிணற்று உறையை இறக்கி, உத்தரத்தில் ப்ரொஜக்டரைக் கீழ்நோக்கிக் கட்டி, பென்டிரைவில் இருந்த அந்தப் போரின் படத்தை நான் பதிந்த சத்தத்தோடு ஓட விட்டேன். உறைக்குள் எட்டிப் பார்த்தால் நீங்களே குழிக்குள் இறங்குவீர்கள். ஆயிரத்து நூற்று எண்பது அடி, நாற்பத்திரண்டு நிமிடம். நான் ஒரு இடத்திலும் வெட்டவில்லை, வேகத்தைக் கூட்டவில்லை. பெயரையும் எடுக்கவில்லை.

ஏன் இதைச் செய்தாய் என்று பிறகு நிறையப் பேர் கேட்டார்கள். கோபம்தான். தை மாதம் கனிஷ்கா எங்கள் வீட்டுக்கு வருவாள், மாசியில் லாரிக்காரனுக்கு ஃபோன் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருப்பாள். அவளுக்கு நேராக ஒரு ஃபோன் போட்டு நான் சொல்லியிருக்கலாம். அதற்குத் தைரியம் வரவில்லை. ஊர் கூட்டிக் காட்டுவதற்கு வந்தது. என் தைரியம் அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

கனிஷ்கா தன் ஆபீஸ் பக்கத்துச் சுவரில் கண்காட்சிப் போஸ்டரைப் பார்த்துவிட்டு அவள் அப்பாவிடம் சொல்ல, அவர் என் அப்பாவைக் கூப்பிட்டு, குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். திறப்புக்கு இரண்டு நாள் முன்பு, காலை பஸ்ஸில் அப்பா கேலரிக்கு வந்துவிட்டார். அதுவரை நான் என்ன வைக்கப்போகிறேன் என்று அவருக்குத் தெரியாது. உறைக்குள் எட்டிப் பார்த்தார். பெயரைப் படித்தார். பிறகு என்னை விட்டுவிட்டு ரம்ஷாவிடம் பேசினார்.

"ஏனுங்க அம்மணி, அந்தப் பேர மட்டும் மறைச்சுப்போடலாமுங்களா?"

"பண்ணலாங்க அங்கிள், பத்து நிமிஷ வேலைதான்" என்று ரம்ஷா என்னைப் பார்த்தாள்.

"முடியாதுங்கப்பா" என்றேன். எங்கள் ஊரில் அப்பனிடம் மல்லுக்கு நிற்பதென்றாலும் மரியாதையாகத்தான் நிற்க வேண்டும்.

"தம்பி கல்யாணம் கண்ணு."

"தெரியுமுங்கப்பா."

"பேரு இல்லீன்னா உன்ற வேலைல என்ன கொறஞ்சுபோகுது?"

"பேரு இல்லீன்னா அது எவனோ ஒருத்தனோட குழிங்கப்பா. வர்றவங்க பாத்துட்டு, பாவம் விவசாயின்னு சொல்லிட்டு, காப்பியக் குடிச்சுட்டுப் போயிருவாங்க. பேரு இருந்தா ஒரு ஆளுங்க. அந்த ஆளப் பாத்துத்தான் ஆகோணும்."

"மானம் போயிரும் கண்ணு."

"லாரித் தண்ணிய ஊத்தி மோட்டாரப் போட்டீங்களே, அன்னைக்கே போயிருச்சுங்கப்பா."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. சாப்பிட்டுப் போகலாம் என்றதற்கு அப்பா வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு, ரம்ஷாவிடம் மட்டும் "வாரேனுங்க அம்மணி" என்று சொல்லிப் படியிறங்கினார்.

"என்னைக் கேட்டா உங்கப்பா பக்கம்தான் நியாயம். அது அவர் பேரு, உன் பேரு இல்ல" என்றாள் ரம்ஷா.

"என்னோட இனிஷியலே அவருதான்."

"அதுக்குன்னு? அவரைக் கேட்டியா?"

கேட்கவில்லை. அது உறுத்தியது. லேப்டாப்பைத் திறந்து பெயரின்மேல் ஒரு கறுப்புப் பட்டையை இழுத்து வைத்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு நிமிடமும் ஓட விட்டேன். அப்பாவின் குரல் மட்டும் யாருமில்லாத இடத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குத் தாங்கவில்லை, பட்டையை எடுத்துவிட்டேன்.

மறுநாள் மிதுன் கூப்பிட்டான். "அக்கா, நீ ரொம்பத்தான் பண்ற."

"ஹோஸ் மாட்டினவன் நீ. நீயே கனிஷ்காகிட்ட உண்மையச் சொல்லிப்போடு. அந்த நிமிஷமே பேர எடுத்தர்றேன்."

ஃபோனை வைத்துவிட்டான். சனிக்கிழமை மாலை வரைக்கும் அவன் அவளிடம் சொல்லவில்லை, நானும் பெயரை எடுக்கவில்லை.

திறப்புக்கு அறுபது பேருக்குமேல் வந்திருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள், கழுத்தில் அடையாள அட்டையோடு ஐ.டி. ஆட்கள், இரண்டு மூன்று பேராசிரியர்கள். அழகிரிசாமி சலவை வேட்டியில் மகளோடு வந்தார். அப்பா வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார், வாசலை ஒட்டியே நின்றுகொண்டார். கூட்டி வந்த மிதுன் காரை விட்டு இறங்கவேயில்லை.

அழகிரிசாமி உறையின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தார். அப்போது இருநூறு அடி ஓடிக்கொண்டிருந்தது. "அட, போர் கேமராங்களா" என்று ஆசையாகப் பார்த்தார். பிறகு மேலே இருந்த எழுத்தை வாய்விட்டு மெதுவாகப் படித்தார். அதே நேரத்தில் ஒலிபெருக்கியில் "தெரியுதுங்களா?" என்ற குரல் கேட்டது. அவர் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார்.

"ஏனுங்க சம்பந்தி, இது நீங்க எங்களுக்குக் காட்டுன போருங்களா?"

"ஆமாங்க."

"அப்ப அன்னைக்கு நான் குடிச்சது?"

"லாரித் தண்ணிங்க."

அழகிரிசாமி கத்தவில்லை. கத்தியிருந்தால் எவ்வளவோ மேல்.

"எங்க பக்கம் இப்படியெல்லாம் செய்யறதில்லீங்க. தண்ணி இல்லாத காட்ட வெச்சுக்கிட்டு எதுக்குங்க இந்தச் சிரமம்? சைட்டுப் போட்டு வித்துப்போட்டு நிம்மதியா இருக்கலாமுங்களே."

எங்கள் தோட்டத்தைச் சுற்றி நாலு பக்கமும் சைட்டுதான். கல் நட்டு, வளைவு கட்டி, நகர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். விற்காமல் நடுவில் உட்கார்ந்திருப்பவர் என் அப்பா ஒருவர்தான். அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், அடையாள அட்டை மாட்டிய ஒரு பையன் பேசினான். முப்பது வயதிருக்கும், யாரென்று எனக்குத் தெரியாது.

"எங்களுது சூலூர்ப் பக்கமுங்க. ஆயிரத்து முந்நூறு அடி. எங்கப்பா இன்னும் வெளிய சொல்லலீங்க."

அவனுக்குப் பின்னால் நின்ற பேராசிரியை ஒருவர், "பல்லடம். ஒம்பது போர். என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் எங்கூட்லயும் லாரி வந்துச்சுங்க" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். கேலரி வாட்ச்மேன் கதவருகில் இருந்தபடி தன் தோட்டத்துக் கணக்கைச் சொன்னார். யாரும் கிளம்பவில்லை.

அப்பா வாசலை விட்டு நடந்து வந்தார். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. இரண்டு கையையும் உறையின் விளிம்பில் ஊன்றிக் குனிந்தார். எண் அறுநூறைத் தாண்டியிருந்தது. பாறை, பாறை, மறுபடியும் பாறை. தொள்ளாயிரத்தில் ஒரு ஈரக்கோடு தெரிந்து மறைந்தது. குரல் மறுபடி கேட்டது, பதிலும் மறுபடி வந்தது.

"நான் இத்தன தடவையா கேட்டேன்?" என்றார், கீழே பார்த்தபடியே.

"பதினாலு தடவைங்கப்பா."

அவர் தோள் ஒருமுறை குலுங்கியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்குப் போரின் பக்கத்தில் நின்றபோது நான் அழவில்லை, சத்தம் சரியாகப் பதிகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கனிஷ்கா, பொறப்படு கண்ணு" என்றார் அழகிரிசாமி.

"இன்னும் முடியலீங்கப்பா" என்றாள் அவள். உறையின் மறுபக்கத்தில் நின்றிருந்தவள் கண்ணை எடுக்கவில்லை. பார்த்தபடியே என் அப்பாவைக் கேட்டாள். "மாமா, அன்னைக்கு நடந்தது அவருக்குத் தெரியுமுங்களா?"

"ஹோஸ் மாட்டுனதே அவந்தானுங்க அம்மணி."

அழகிரிசாமி வெளியே போய்விட்டார். அவள் கடைசி வரை நின்றாள். ஆயிரத்து நூற்று எண்பதில் கேமரா தரையைத் தொட்டது, வெள்ளைத் தூள் கிளம்பித் திரையை மறைத்தது. அது அடங்கியதும் படம் மறுபடி மேலிருந்து ஆரம்பித்தது. கனிஷ்கா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு மிதுன் இருந்த காரை நோக்கி நடந்தாள். நடந்த வேகத்தைப் பார்த்து என் தம்பிக்காக முதல்முறையாகப் பாவப்பட்டேன். கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் தெரிந்துகொண்டு முடிவெடுப்பாள், எனக்கு அது போதும்.

அப்பா நகரவில்லை. இரண்டாவது முறையும் ஓடியது. ரம்ஷா ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள், அவர் உட்காரவில்லை. புதிதாக உள்ளே வந்த ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கினார், எழுத்து பிடிபடவில்லை.

"இது யாரு தோட்டமுங்க?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார்.

"என்ற தோட்டந்தானுங்க. ஆறுச்சாமி" என்றார் அப்பா.

பிறகு என் பக்கம் திரும்பினார். நான் எதற்கும் தயாராக நின்றேன்.

"பேரு சின்னதா இருக்குது கண்ணு. கண்ணாடி போட்டவங்களுக்கே தெரிய மாட்டீங்குது. பெருசாப் போடு."