அம்சா டீச்சரின் மௌன விரதம்

செத்துப்போன அம்மா புதுப்படம் போட்டிருக்கிறாள் என்று துர்காவின் செல்போன் சொன்னது.

ஐஸ்பெட்டிக் கண்ணாடியில் பூத்த நீரைத் துடைத்துக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு போனை எடுத்துப் பார்த்தாள். 'அம்சா டீச்சர் தன் புரொஃபைல் படத்தை மாற்றியுள்ளார்.' பட்டுப்புடவை, தங்க ஃபிரேம் கண்ணாடி, மூடிய வாய். பெட்டிக்குள் இருந்தவளுக்கு நாடியையும் உச்சந்தலையையும் சேர்த்து வெள்ளைத்துணியால் கட்டியிருந்தது. துர்கா வாசலைப் பார்த்தாள். பந்தலில் அண்ணன் இளவழகன் குனிந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

மரக்காணத்திலிருந்து கூடையோடு முதல் பஸ்ஸில் வந்து, திண்டிவனம் மார்க்கெட்டில் கருவாட்டுக் கடை போட்டவள் அம்சா. விலையைக் கேட்டு நகர்ந்தவனை நாலடி போவதற்குள் அவள் வாயே திரும்ப இழுத்துவரும். அந்த வாயால்தான் இளவழகன் இன்ஜினியர் ஆனான். ஆனவனுக்கு ஃபேஸ்புக்கில் வேறு அம்மா தேவைப்பட்டாள். கணக்குத் தொடங்கியவன் அவன், எழுதியவன் அவன், தன் படங்களுக்குக் கீழே 'பெற்ற வயிறு குளிர்ந்ததடா கண்ணா' என்று பாராட்டிக்கொண்டவனும் அவனே. கையெழுத்துப் போடத் தெரியாத அம்சா தினமும் கவிதையோடு காலை வணக்கம் சொன்னாள்.

சென்னையில் நடந்த அவன் கல்யாணத்தில், அம்மா வாய் திறந்தால் சரக்கு அம்பலமாகிவிடும் என்று, அவளுக்கு மௌன விரதம் என எல்லோரிடமும் சொல்லிவைத்தான். மார்க்கெட்டே அதிரக் கூவியவள் நாள் முழுக்கச் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினாள். திரும்பி வர பஸ் ஏறியதும் துர்காவின் காதில் கேட்டாள்: "ஏண்டி, இனிமே பேசலாமா?"

சனிக்கிழமை விடியலில் இறந்தவளை ஞாயிறு வரை வைத்திருப்பதும் இளவழகன் ஏற்பாடுதான். லீவு நாளில்தான் ஆபீஸ்காரர்கள் வருவார்கள்.

துர்கா பந்தலுக்குப் போனாள்.

"ண்ணா, மார்க்கெட்டு பொம்பளைங்கள எதுக்குத் தெருமுனையில நிறுத்தி வச்சிக்கினு இருக்க?"

"ஆபீஸ்காரங்க கெளம்பட்டும். அவங்க வந்தா ஒப்பாரியில கருவாடு, அது இதுன்னு..."

"அம்மா கருவாடுதான் வித்துச்சி. கம்ப்யூட்டரா வித்துச்சி?"

"கத்தாத. மானம் போவுது."

"அம்மாவே போயிடுச்சி. உனுக்கு மானம் போவுதா?"

அதற்குள் அவன் ஆபீஸில் வேலை பார்க்கும் காயத்ரி ரோஜா மாலையோடு வந்து துர்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர் எழுதுறதெல்லாம் விடாம படிப்பேங்க. போன வாரம்கூட என் பர்த்டேக்கு வாழ்த்து சொன்னாங்க. எவ்ளோ நல்ல மனசு!"

போன வாரம் அம்சா விழுப்புரம் ஆஸ்பத்திரியில் வாய் கோணிப் பேச்சற்றுக் கிடந்தாள். துர்கா ஊட்டிய கஞ்சி கடைவாயில் வழிந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் அவள் கண் அந்தப் பக்கம் ஓடியது. லீவு கிடைக்கவில்லை என்றான் இளவழகன். ஃபேஸ்புக் அம்மாவுக்கு மட்டும் வாழ்த்துச் சொல்ல நேரம் கிடைத்திருக்கிறது.

துர்கா கையை உருவிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள். பட்டுப்புடவை அம்சாவும் 'ஓய்வுபெற்ற ஆசிரியை' என்ற எழுத்துமாய் அண்ணன் அடித்த பேனர் அங்கே ஆடிக்கொண்டிருந்தது. அதன் நிழலில் மார்க்கெட் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"உள்ள வாங்கக்கா."

பக்கத்துக் கடைக் காசியம்மாள் முட்டியைப் பிடித்து எழுந்தாள். "உங்கண்ணன் ஒத்துக்குவானாடி? பேனரப் பாத்துட்டு எவளோ டீச்சரு சாவுக்கு வந்துட்டமோன்னு நெனச்சிட்டேன்."

"நீங்க வாங்க."

வந்தார்கள். வாசனைத்திரவியமும் ரோஜாவும் மணந்த பந்தலில் கருவாட்டு வாடை நுழைந்தது. அதற்குள் வாய்க்கரிசிக்காகப் பெட்டியிலிருந்து எடுத்துப் பெஞ்சில் கிடத்தியிருந்த உடலைப் பார்த்ததும் காசியம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள்.

"நெத்திலி வித்த ராசாத்தி, நெருப்பா பேசும் மகராசி, வாயக் கட்டிக்கினு படுத்தியே, வெலை சொல்லாம கெடக்குறியே..."

காயத்ரி இளவழகன் பக்கம் சாய்ந்தாள். "யார் சார் இவங்க?"

"வீட்ல வேலை செஞ்சவங்க," என்றான்.

துர்காவுக்கு அது தெளிவாகக் கேட்டது. காசியம்மாளுக்கும் கேட்டது, ஒப்பாரி பாதியில் நின்றது. வாய்க்கரிசித் தட்டு துர்காவின் கைக்கு வந்தது. அவள் அதைக் காசியம்மாளிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, அம்மாவின் உச்சியில் இருந்த முடிச்சில் நகத்தை வைத்தாள்.

"அவுக்காத!" இளவழகன் பாய்ந்து வந்தான். "துணியத் தளர்த்திப் போட்டா போதும். அவுத்தா வாய் தொறந்துக்கும்."

"தொறக்கட்டும்."

"எல்லாரும் பாக்கறாங்க, துர்கா."

"பாக்கட்டுமே. பாக்கத்தான வந்துருக்காங்க."

முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். துணி நழுவி விழ, நாடி மெல்லக் கீழிறங்கியது. வெற்றிலைக் கறையேறிய பற்கள். முன்பல் ஒன்று இல்லை. காயத்ரி ஓரடி பின்வாங்கினாள்.

"முதல்ல நீங்க போடுங்கக்கா," என்றாள் துர்கா.

காசியம்மாள் உப்பில் வெடித்த விரல்களால் அரிசியை அள்ளினாள். பின்னால் மார்க்கெட் பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். இளவழகனின் சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அம்சாவின் வாயை யாரும் மூடவில்லை.