புத்தகத்தில் ஒரே பெயர்

முகைதீன்பாவா ஹாஜியாரின் வேனுக்குப் பதிவுப் புத்தகத்தில் ஒரே பெயர்தான் இருந்தது. அவருடைய பெயர். அந்தப் புத்தகத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு, காணி உறுதிப் பத்திரங்களோடு அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய தம்பி அஸாம் லீசிங் கம்பெனியின் பெயரில் தவணைக்கு எடுத்த லொறியை, மூன்று தவணை பிந்தியதற்காக, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சனம் வெளியே வரும் நேரத்தில் கம்பெனிக்காரர் வந்து கொண்டுபோனார்கள். காத்தான்குடியில் பாதிப் பேர் அதைப் பார்த்தார்கள். அன்று குனிந்த தலையை அஸாம் மௌத்தாகும் வரை நிமிர்த்தவில்லை. இன்னொருவன் பெயர் எழுதிய வண்டி நம் வாசலில் நிற்காது என்று ஹாஜியார் அன்றே முடிவு செய்துவிட்டார்.

அவருடைய மகள் சஹ்லா வீட்டின் பின்னறையில் பாடசாலைச் சீருடை தைக்கும் தொழில் நடத்தினாள். ஆறு மெஷின், ஆறு பெண்கள். அவள் பெயரிலேயே பதிவு. மண்டூர், வாகரை வரை ஓடர் வரத் தொடங்கியபோது இன்னும் நான்கு மெஷினும் ஒரு வேனும் தேவைப்பட்டன.

"வாப்பா, வேன இஜாராவுல எடுப்பம். வண்டி பேங்க்ட பேருல இரிக்கும்; வட்டியில்ல, மாதாமாதம் வாடகைதான். தொழில்ட பேருல எடுத்தா அந்த வாடகையச் செலவாக் காட்டலாம், வரியும் குறையும். நீங்க தாறன் எண்ட காசுல மெஷின வாங்குவம்."

 அடுத்த கிழமை ஹாஜியார், மெஷினுக்கென்று ஒதுக்கிய காசு முழுவதையும் கொடுத்து, தன் பெயரில் அந்தப் பழைய வேனை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினார். சஹ்லா சாவியை வாங்கிக்கொண்டாள். 

வரிக் கணக்குக் கொடுக்கும் காலம் வந்தது. இருவரும் புளியந்தீவில் கணக்காளர் அழகரத்தினத்திடம் போனார்கள். அவர் வேனின் புத்தகத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஹாஜியார், வண்டி உங்கட. தொழில் மகள்ட. தொழிலுக்குச் சொந்தமில்லாத வண்டிக்கு நான் தேய்மானம் காட்ட ஏலா."

"தொழிலுக்குத்தானே ஓடுது?"

"எனக்குத் தெரியும். கடதாசிக்குத் தெரியாதே. ரெண்டு வழி இரிக்கு. மகள்ட பேருக்கு மாத்துங்க. இல்லாட்டி அவட தொழிலுக்கு வாடகைக்கு விட்டு ஒப்பந்தம் எழுதுங்க. அவ தாற வாடகை அவட செலவு. உங்களுக்கு வேற வருமானம் பெரிசா இல்ல, வரியும் வராது."

"மகளிட்ட வாடகை வாங்கித் தின்னுற வாப்பா எண்டு ஊர் பேசவா?"

"ஊர் இந்த மேசைக்கு வராது, ஹாஜியார்."

"அப்ப என்ட பேருக்கு மாத்துங்க," என்றாள் சஹ்லா.

"வயசுபோன காலத்துல கையில இருந்த ஒரு வண்டியையும் விட்டுட்டான் எண்டு சிரிப்பானுகள்."

"நீங்க படுக்குற வீடே என்ட பேருலதானே, வாப்பா."

ஹாஜியாருக்குச் சுருக்கென்றது. பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது ஊர் வழக்கம். அவள் கலியாணத்துக்கு அந்த வீட்டை எழுதிக் கொடுத்தபோது நெஞ்சை நிமிர்த்திக் கையெழுத்துப் போட்டவர் அவர். வீட்டைக் கொடுத்தது கௌரவமாக இருந்தது. வேனைக் கொடுப்பது மட்டும் எப்படி அவமானமாகிறது?   எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த வருடம் வரி கூடுதலாகப் போனது. புதிய மெஷின் ஒன்றும் வரவில்லை. மண்டூர் ஓடரைச் சொன்ன நாளுக்குக் கொடுக்க முடியாமல், அது வேறு இடத்துக்குப் போனது. தைக்க வந்த பெண்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டு நின்றார்கள். கடைசியாக வேலையை விட்ட நபீஸா, ஹாஜியாருக்குச் சலாம் சொல்லிவிட்டுப் போனபோது, அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் வேனின் பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் புளியந்தீவுக்குப் போனார்.

"மகள்ட பேருக்கே மாத்துவம். எங்க ஒப்பம் வைக்கிற?"

அழகரத்தினம் பேனையைக் கீழே வைத்தார். "தொழில மூடுறதுக்குச் சஹ்லா போன திங்கள் கடிதம் குடுத்திட்டா. உங்களிட்டச் சொல்லல்லையா?"

ஆனாலும் ஹாஜியார் ஒப்பம் வைத்தார்.

சஹ்லாவுக்கு ஏறாவூரில் ஒரு தையல் நிலையத்தில் மேற்பார்வை வேலை கிடைத்திருந்தது. முதல்நாள் காலை, பஸ்ஸில் போகவேண்டாம் என்று ஹாஜியாரே வேனை எடுத்தார். சீருடைக் கட்டுகள் இல்லாமல் வேனின் பின்பக்கம் வெறுமையாகக் குலுங்கியது. ஏறாவூருக்குக் கிட்டப் போனதும் சட்டைப்பையிலிருந்து வேனை அவள் பெயருக்கு மாற்றிய கடதாசியை எடுத்து நீட்டினார். அவள் வாசித்தாள். திரும்ப மடித்து அவர் பையிலேயே வைத்தாள்.

"போன வருஷம் தந்திருந்தா ஓடித் திரிஞ்சிருப்பன், வாப்பா."

பிறகு, "இந்தச் சந்தியிலயே இறக்குங்க," என்றாள்.

"வாசல் வரைக்கும் விடுறனே, புள்ள."

"வேணாம். சொந்த வேன்ல வந்து இறங்கி மத்தவங்கட கடையில கூலிக்கு நிக்கிறாள் எண்டு பேசுவாங்க. அது உங்களுக்கும் நல்லமில்ல."

இறங்கி, முந்தானையைச் சரிசெய்து, திரும்பிப் பாராமல் தலை நிமிர்ந்து நடந்தாள். அந்த நடையும், ஊர்ப் பேச்சுக்கு அஞ்சும் அந்தக் குணமும் தன்னிடமிருந்தே அவளுக்கு வந்தவை என்று ஹாஜியாருக்குத் தெரியும். பின்னால் வந்த பஸ் ஹோன் அடிக்கும் வரை வேனை எடுக்காமல் இருந்தார்.