திருத்தாத பேர்னஸ்

வீட்டுக்குள் மூச்சுவிட்டால் ஆவி தெரிந்த ஒரு சனவரிக் காலையில், யோகராணி புருசன் சிவபாதத்துக்குச் சொல்லாமல், வீட்டைச் சூடாக்குகிற பேர்னஸைத் திருத்துகிற ஆளைக் கூப்பிட்டாள். அவர் மிசிசாகாவில் பொருட்கிடங்கு வேலைக்குப் போயிருந்தார். அஜின்கோர்ட்டில் அந்த வீட்டை வாங்கும்போதே பேர்னஸ் பழையதுதான். இந்தக் குளிரையும் தாங்கும், அடுத்த வருசம் பார்ப்போம் என்று இருவருமாகத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். இப்போது அது பற்றுவதும் அணைவதுமாக இழுபட்டு, கடைசியில் வெறும் குளிர்காற்றை ஊதிக்கொண்டிருந்தது.

வந்தவன் ஜெனாட் என்றொரு பெடியன். நிலக்கீழ்ப் பேஸ்மென்றில் முழங்காலில் இருந்து எதையோ கழற்றித் துடைத்துப் பூட்டினான். பேர்னஸ் உடனே பற்றிக்கொண்டது. யோகராணிக்கு உயிர் வந்தது போலிருந்தது. ஆனால் அவன் எழும்பவில்லை. வயர் நுனியில் சின்னக் கமரா ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தான். நச்சுப்புகை அளக்கிற மீற்றரைப் புகைக்குழாயின் அருகே பிடித்தான். பிறகு போன் திரையை அவள் பக்கம் திருப்பினான். நெருப்பு எரிகிற இரும்புக் கூட்டில் கறுப்புக் கோடாய் ஒரு வெடிப்பு. குழாயும் அடைபட்டு, வெளியே போகவேண்டிய நச்சுப்புகை மணமில்லாமல் அறைக்குள்ளேயே திரும்புகிறது என்றான்.

செலவையும் அவனே விளக்கமாகச் சொன்னான். அந்தக் கூட்டுக்கான வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. மாற்றுகிற கூலியும் சாமானும் சேர்ந்தால் புதிய பேர்னஸின் அரைவாசிக்கு மேல் வரும். இவ்வளவு பழையதில் அந்தக் காசைப் போடுவது வீண். தன்னிடம்தான் வாங்கவேண்டுமென்றில்லை, இன்னும் இரண்டு இடத்தில் விலை கேட்கட்டும், வாடகைக்குத் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் மட்டும் கையெழுத்து வைக்கவேண்டாம் என்றான். அதுவரை கரண்ட் ஹீற்றர் வைத்துச் சமாளிக்கலாம். சொல்லிவிட்டு காஸ் குழாயின் மஞ்சள் பிடியைத் திருப்பிப் பூட்டி, அதில் திறக்கக்கூடாது என்று எழுதிய சிவப்பு மட்டை ஒன்றைக் கட்டினான்.

போகும்போது, பக்கத்து அறையின் கதவைப் பார்த்து நின்றான்.

"உதுக்குள்ள ஆர் இருக்கினம்?"

"வாடகைக்கு ஒரு பிள்ளை இருக்கிறா."

"அப்ப கட்டாயம் அவவுக்குச் சொல்லுங்கோ, அன்ரி. இதை ஆரும் திறக்கக்கூடாது."

பின்னேரம் சிவபாதம் வந்து, நடந்ததைக் கேட்டு, உடுப்பு மாற்றாமலே கீழே இறங்கினார். அவருடைய கோபத்துக்கு ஒரு பழைய காரணம் இருந்தது. சில வருசங்களுக்கு முன் கழுத்தில் அட்டை தொங்கப்போட்ட ஒருவன் கதவைத் தட்டி, அரசாங்கத் திட்டம் என்று சொல்லிச் சுடுதண்ணி சேமிக்கிற ராங்கை மாற்றிவிட்டுப் போனான். அது வாடகை என்பதும், அந்த வாடகைக்கு வீட்டின் மேலேயே உரிமை பதிந்திருக்கிறார்கள் என்பதும், மகள் கஜனியின் கலியாணத்துக்காக வங்கியில் கடன் கேட்கப் போனபோதுதான் தெரிந்தது. அதிலிருந்து மீளப் பட்ட பாட்டை அவர் மறக்கவில்லை. அதன் பிறகு வீட்டுக்குள் கருவிப்பெட்டியோடு வருகிற எவனும் அவருக்குக் கள்ளன்தான்.

"துடைச்ச உடனை எரிஞ்சதெண்டு நீதானே சொல்லுறாய். எரிஞ்சதை ஏன் பூட்டினவன்? புதுசு விக்கத்தான்."

"கமராவிலை வெடிப்பைக் காட்டினவன்," என்றாள் யோகராணி.

"அது எங்கடை பேர்னஸ் எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்? போனிலை ஆயிரம் படம் வைச்சிருப்பாங்கள்."

அந்தப் பெடியனின் முகம் பொய் சொல்லுகிற முகமாகத் தெரியவில்லை என்று யோகராணி நினைத்தாள். முகத்தை வைத்து எதைச் சொல்ல முடியும்? ராங்க் மாற்ற வந்தவனும் நல்லாய்த்தான் சிரித்தான். சிவபாதம் வெளிச்சம் பிடிக்கச் சொன்னார். அவள் போனின் வெளிச்சத்தைப் பிடித்தாள். அவர் மட்டையை அவிழ்த்து, பிடியைத் திருப்பினார். வருமான வரிக் காசு திரும்பி வந்ததும் நல்ல ஆளாய்ப் பார்த்துப் புதிதாக மாற்றுவோம், அதுவரைக்கும்தானே என்றார்.

கொஞ்ச நேரத்தில் நிலத்துத் துவாரங்களிலிருந்து இளஞ்சூடு எழுந்தது. யோகராணி கால்களை அதன் மேல் வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தாள். அந்தச் சூட்டை வேண்டாமென்று சொல்ல அவளால் முடியவில்லை.

கீழே வாடகைக்கு இருந்த அந்தப் பிள்ளை அன்ரனெற். மன்னாரிலிருந்து வந்தவள், முதியோர் இல்லமொன்றில் வேலை. தம்பி ஜோசுவா ஸ்காபரோவிலேயே ஒரு அப்பாட்மென்றில் குடும்பத்தோடு இருந்தான். இரட்டை ஷிப்ட் செய்து வருகிற களைப்பிலும் படி ஏறி வந்து வாடகையைக் கையில் தந்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவாள். அன்றைக்கும் வந்தாள்.

"அன்ரி, சூடு வருது. திருத்தியாச்சோ?"

யோகராணி அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். சொல்லிவிட்டால் இவள் ஜோசுவா வீட்டுக்குப் போய்விடுவாள், பிறகு வாடகை இல்லை, சிவபாதம் துள்ளுவார் என்று எல்லாம் ஒன்றாக மனதில் ஓடியது.

"ஓம் பிள்ளை, திருத்தியாச்சு."

அதன் பிறகு அன்ரனெற் தலையிடி என்று சொல்லத் தொடங்கினாள். வேலைக்குப் போனால் இல்லை, வந்து படுத்தெழும்பினால் மண்டை வெடிக்கிறது என்றாள். யோகராணி கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். பேஸ்மென்றிலிருந்த நச்சுப்புகை அலாம், அதற்குரிய காலம் முடிந்து கீச்சுக் கீச்சென்று கத்துகிறதென்று சிவபாதம் கழற்றி வைத்தது, பிறகு மாற்றப்படவேயில்லை. அதை அவருக்கு நினைவூட்டினாள். சனிக்கிழமை வாங்குவோம் என்றார். சனிக்கிழமை பனி கொட்டியது, ஒருவரும் வெளியே போகவில்லை.

அடுத்த கிழமை ஒரு காலையில், சிவபாதம் வேலைக்குப் போன பிறகு, மேல்மாடியில் இருந்த அலாம் அலறியது. யோகராணி ஒன்றையும் யோசிக்கவில்லை. கதவைத் திறந்துபோட்டு, அன்ரனெற்றின் பெயரைக் கூப்பிட்டபடி கீழே ஓடினாள். அறைக் கதவு பூட்டியிருக்கவில்லை. அன்ரனெற் வேலைக்குப் போகிற உடுப்போடு கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் கிடந்தாள், ஒரு காலில் மட்டும் சப்பாத்து. வாயருகே வாந்தி. யோகராணி அவளைக் கக்கத்தில் பிடித்து இழுத்தாள். படியில் ஏற்ற முடியவில்லை. பக்கவாசல் கதவைத் தள்ளித் திறந்து, அவளைப் பனிக்குள் கிடத்தி, பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாமல் வெறுமனே கத்தினாள்.

பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்ட அம்புலன்ஸ் அன்ரனெற்றை ஏற்றிப் போன பிறகு தீயணைப்புப் படையினர் வீட்டுக்குள் மீற்றரோடு நடந்தார்கள். சிவபாதம் வந்து சேர்ந்தபோது ஒரு அதிகாரி பேர்னஸுக்குப் பக்கத்தில் நிலத்தில் கிடந்த சிவப்பு மட்டையைக் கையுறை போட்ட கையால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை யார் அவிழ்த்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். சிவபாதத்தின் முகம் சாம்பலாய்ப் போயிருந்தது. தனக்குத் தெரியாது, திருத்த வந்தவன் காஸைத் திறந்தபடிதான் விட்டுப் போனான், மட்டையைச் சும்மா வைத்துவிட்டுப் போயிருப்பான் என்றார். அதிகாரி ஜெனாட்டின் பெயரையும் இலக்கத்தையும் எழுதத் தொடங்கினார்.

யோகராணி அதிகாரியின் முன்னால் வந்து நின்றாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம்தான், ஆனால் அதற்கு அது போதும். அவன் பூட்டிவிட்டுத்தான் போனான், திறந்தது நாங்கள் என்றாள். அதிகாரி மறுபடி கேட்டார். அவள் மறுபடியும் அதையே சொன்னாள்.

சிவபாதம் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் கூட இல்லை.

"என்னைக் காட்டிக் குடுத்திட்டாய்."

"நானும்தான் வெளிச்சம் பிடிச்சனான்," என்றாள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தது. வழக்குப் போட்டார்கள். அனுமதியில்லாத பேஸ்மென்ற் வாடகை, எச்சரித்தும் திறந்த காஸ் என்று இரண்டையும் சொல்லி இன்சூரன்ஸ் கையை விரித்தது. வக்கீல் செலவுக்கும் அன்ரனெற்றுக்குக் கட்டச் சொன்ன நட்டஈட்டுக்கும் வீடு போனது. வாங்கினவர்கள் முதல் வேலையாகப் பேர்னஸை மாற்றினார்கள். பிக்கரிங்கில் கஜனியின் வீட்டில், மாடியின் ஒரு அறையில் அவர்கள் ஒதுங்கினார்கள். சிவபாதம் அவளோடு பேசுவதைக் குறைத்தார். ஒரே மேசையில் சாப்பிடும்போது கறிச்சட்டியைத் தள்ளிவிடுவார், அவ்வளவுதான்.

அன்ரனெற் உயிர் தப்பினாள். ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை. காலையில் சொன்னது மத்தியானம் மறந்துபோகிறது, முதியோரைத் தூக்கி இருத்துகிற வேலைக்கு இனி எடுக்கமாட்டார்கள் என்று ஜோசுவா சொன்னதாக யோகராணி கேள்விப்பட்டாள்.

இரண்டு வருசம் கழித்து, இளவேனிலில் ஒருநாள் யோகராணி தனியே பஸ் ஏறி ஜோசுவாவின் வீட்டுக்குப் போனாள். சிவபாதத்துக்குச் சொல்லவில்லை. ஜோசுவா கதவைத் திறந்து, ஆளைக் கண்டு, வழிவிட்டான். அன்ரனெற் யன்னலோரக் கதிரையில் இருந்தாள். மெலிந்திருந்தாள். யோகராணியை அடையாளம் காண அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

யோகராணி மன்னித்துக்கொள் என்று கேட்பதற்கு வாயெடுத்தபோது அன்ரனெற் முந்திக்கொண்டாள். சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துத்தான் பேசினாள்.

"எனக்குக் கன விசயம் மறந்துபோகுது, அன்ரி. அது மட்டும் மறக்கேல்லை. நான் கேட்டனான். திருத்தியாச்சு எண்டு சொன்னனீங்கள்."

"ஓம் பிள்ளை."

"இல்லையெண்டு சொல்லியிருந்தா, பத்து நாள் இங்கை வந்து நிலத்திலை படுத்திருப்பன். வாடகையும் தந்திருப்பன்."

ஜோசுவாவின் மனைவி தேத்தண்ணியோடு வந்து, இருவரையும் பார்த்துவிட்டு, அதைத் திருப்பிக் குசினிக்கே கொண்டுபோனாள். அன்ரனெற் நடுங்கும் கையை மறு கையால் மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இனி வரவேண்டாம், அன்ரி," என்றாள்.

யோகராணி தலையாட்டி எழும்பினாள். தெருவில் பனி உருகித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் வர நேரமிருந்தது. அவள் தரிப்பிடத்துக்குள் போகாமல் வெளியே, காற்றில் நின்றாள்.