கற்பூர மரத்து விறகு

ஹெர்பர்ட் மேல் கற்பூர மரம் சாய்ந்தது ஆடிக் காற்றில். டீ ஃபேக்டரியில் வேலை முடிந்து, கட்டபெட்டு ரோட்டில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார். ரோட்டை மறித்துக் கிடந்த மரத்தை ஃபேக்டரி ஆட்கள்தான் அறுத்துத் துண்டு போட்டார்கள். அடக்கம் முடிந்த அடுத்த வாரம், ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அந்த விறகையே ஜீப்பில் ஏற்றி வந்து, அவர் வீட்டுக் கொல்லையில் அடுக்கிவிட்டுப் போனார்கள். நல்ல மனசுக்காரர்கள்தான், யோசனைதான் கொஞ்சம் மட்டு.

அவர் மனைவி ஈவ்லின் டீச்சர் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். புருஷன் போன நாளிலிருந்து அவளுக்கு அழுகையும் வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. உள்ளே எதுவுமே அசையவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? கல்நெஞ்சுக்காரி என்றது. அது உண்மையாகவே இருக்குமோ என்று அவளும் பயந்தாள்.

சர்ச்சில் பெண்களே ஆராதனை நடத்தும் பெண்கள் ஞாயிறன்று எழுந்து நின்று சாட்சி சொல்லச் சொல்லி, ஆயரின் மனைவி ஆயரம்மா வீட்டுக்கே வந்தார்.

"இந்தப் பாடு வழியா ஆண்டவர் உனக்கு என்ன கத்துக் குடுத்தாருன்னு சொல்லோணும், ஈவ்லின். போன வருசம் ஜோவிதா சொன்னாளே, அந்த மாதிரி."

ஜோவிதா மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். போன வருடம் சிரித்த முகமாக எழுந்து நின்று, துக்கம் தன்னைப் புடமிட்ட பொன்னாக்கியது என்றாள். சபையே கண்ணைத் துடைத்துக்கொண்டது. அன்று முதல் யார் வீட்டில் இழவு விழுந்தாலும் ஜோவிதாதான் அளவுகோல். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். ஆனால் அடுத்தவர் தலைவலிக்குப் பாடம் சொல்ல எல்லோருக்கும் வரும்.

மாட்டேன் என்றால் கல்நெஞ்சு என்பது ஊர்ஜிதமாகிவிடும். ஈவ்லின் சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மைக் முன்னால் போய் நின்றாள். ஜோவிதா சொன்ன அந்தப் பொன்னையே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். வாய் திறந்தபோது அது வரவில்லை.

"நான் பாய்லர் பத்தவெக்கக் கத்துக்கிட்டேனுங்க," என்றாள். "இத்தனை வருசமும் அவருதான் காலைல பத்தவெப்பாரு. ஈர விறகு, மொதல்ல ஒரே பொகை. இப்பப் பத்திக்குது. அவரு மேல விழுந்த மரந்தானுங்க அது. எரிக்கிறப்பக் கோவமும் இல்ல, நிம்மதியும் இல்ல. தண்ணி சுடுது. குளிக்கறேன், ஸ்கூலுக்குப் போறேன். வேற ஒண்ணும் கத்துக்கலைங்க."

போய் உட்கார்ந்தாள். ஆயரம்மா அவசரமாகப் பாட்டு நம்பரைச் சொன்னார்.

பாட்டு நடக்கும்போதே ஜோவிதா எழுந்து வந்து அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"நான் சொன்னது அத்தனையும் ஆயரம்மா சொல்லிக் குடுத்ததுங்க்கா," என்றாள் மெதுவாக. அப்போதும் சிரித்த முகம்தான். "அன்னைல இருந்து சிரிச்சுட்டே இருக்கறேன். நிறுத்த முடியலைங்க்கா."

ஈவ்லின் அவள் கையைப் பிடித்தாள். அந்தக் கை சில்லிட்டுக் கிடந்தது. இவளுக்குக் குளிர்கிறதே என்று ஈவ்லினுக்குப் பாவமாக இருந்தது. இத்தனை மாதத்தில் அவளுக்கு உள்ளே எட்டிய முதல் சங்கதி அதுதான்.

"மத்தியானம் ஊட்டுக்கு வா," என்றாள். "சுடுதண்ணி வெக்கறேன். அங்க நீ சிரிக்க வேண்டாம்."